புளி போட்டுத் தேய்க்காத செம்பு

"அப்போ அவன் நல்ல சிவப்பா இருப்பானா?" என்று பாப்பா கேட்டபோதுதான் நான் செய்த கோளாறு எனக்கே உறைத்தது.

இரவு ஒன்பதரை மணி. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' என்ற மாயக்கதை நாவலை, ஆங்கிலத்தில் கண்ணால் படித்து, வாயால் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொரு வயதுக்கு அந்த ஆங்கிலம் கொஞ்சம் கடினம், அதனால் இந்த ஏற்பாடு. கதாநாயகன் கெட் என்ன நிறம் என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஓரிடம் வருகிறது. "சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம்" என்று சொல்லிவிட்டேன். பெண் பார்த்துவிட்டு வந்து "பொண்ணு நல்ல சிவப்பு" என்று சொல்கிற ஊரில் வளர்கிற பிள்ளைக்குச் சிவப்பு என்றால் என்ன புரியும்? நடுவில் இருக்கிற பழுப்பெல்லாம் காதில் ஏறாது.

"இல்லடி. பூஜை அலமாரியில ஒரு செம்புச் சொம்பு இருக்குல்ல? புளி போட்டுத் தேய்க்கறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்? அந்த கலர்."

போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். படுக்கை விளக்கின் கீழே வைத்து முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"என் கலரா?"

"கிட்டத்தட்ட."

"அவன்தானே மெயின்?"

"அவன்தான்."

"சரி, படி."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

என்னிடம் இருக்கும் பிரதிக்கு அட்டை கிடையாது. 2003-ல், சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது, திருவல்லிக்கேணி பாரதி சாலையில் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது. அட்டை போனதால் முப்பது ரூபாய் சொன்னவர் இருபதுக்கு இறங்கினார். முதல் பக்கமே தீவுகளின் வரைபடம். கடல் நடுவே சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான தீவுகள், அவற்றில் காண்ட் என்று ஒரு மலைத்தீவு, அங்கே ஆடு மேய்க்கும் தாயில்லாப் பையன். அட்டை இல்லாததால் அந்தப் பையனின் முகம் எனக்கு யாரும் காட்டித் தரவில்லை. நானாக ஒரு முகம் வைத்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: வெள்ளைக்காரப் பையன் முகம். இங்கிலீஷ் கதையில் வரும் பையன் வேறு எப்படி இருப்பான் என்ற நினைப்பு.

முதல் அத்தியாயத்திலேயே துப்பு இருக்கிறது. ஊரைக் கொள்ளையடிக்க வருகிற கார்க் நாட்டுக்காரர்களைத்தான் வெள்ளைத் தோல், மஞ்சள் முடி என்று விவரிக்கிறார் லெ குவின். அதை அப்படியே தாண்டிப் போய்விட்டேன். ரோக் தீவில் மந்திரப் பள்ளிக்கூடம். அங்கே வெட்ச் என்று ஒரு நண்பன் கிடைக்கிறான். அவனை அறிமுகப்படுத்தும்போது, கெட்டைப் போலவும் அந்தத் தீவுகளின் பெரும்பாலானவர்களைப் போலவும் செம்பழுப்பு இல்லை, இவன் கருப்பு என்று போகிறபோக்கில் ஒரு வரி. மின்விசிறிக்குக் கீழே ஹாஸ்டல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஐம்பது பக்கம் பின்னால் போய் முதலிலிருந்து படித்தேன். ஆடு மேய்க்கிறவன், வெண்கலக் கொல்லன் மகன், வெயிலில் திரிகிறவன். இவனுக்கு எப்படி நான் அந்த முகத்தை ஒட்டினேன்?

லெ குவின் இதை வேண்டுமென்றேதான் செய்தார். வாசகர் முதலில் அந்தப் பையனுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளட்டும், அவனுடைய கோபம், ஆணவம், பயம் எல்லாம் தன்னுடையதாக ஆகட்டும், அதற்குப் பிறகு தோலின் நிறம் தெரிந்தால் போதும் என்று. 1968-ல், அமெரிக்காவில், பதின்வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில் இதை ஓசைப்படாமல் செய்திருக்கிறார். பெர்க்லியில் இருந்த பார்னஸஸ் பிரஸ் என்ற சின்னப் பதிப்பகம்தான், பெரிய பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போட்டது. மந்திரவாதி என்றாலே நரைத்த தாடிக் கிழவராக இருக்கிறாரே, அவர் பையனாக இருந்தபோது எப்படி இருந்திருப்பார், எங்கே போய்க் கற்றுக்கொண்டிருப்பார் என்று லெ குவின் யோசித்ததில் பிறந்தது கதை. 1971, 1972-ல் அடுத்த இரண்டு. பிறகு பதினெட்டு வருடம் கழித்து 1990-ல் 'தெஹானு'. 2001-ல் இன்னும் இரண்டு. ஒரு தொடரை முப்பத்துமூன்று வருடம் கூடவே வைத்துக்கொண்டு வயதாகியிருக்கிறார். அவர் வயதாக ஆகக் கதைக்கும் வயதாகிறது.

தமிழில் சொல்வதில் முதல் வம்பு பெயரில். ஆங்கிலத்தில் முதல் எழுத்து 'கங்கை'யில் வருகிற 'க'. நம் எழுத்தில் எழுதினால் 'கெட்'. பாப்பா என் குறிப்பு நோட்டை எட்டிப் பார்த்து, "கெட்டா? கெட்டுப்போன கெட்டா?" என்று சிரித்தாள். கதைப்படி பையன் கொஞ்சம் கெட்டுத்தான் போகிறான், அதனால் விட்டுவிட்டேன்.

இரண்டாவது வம்பு 'மந்திரவாதி'. அந்தச் சொல்லைச் சொன்னதும் அவளுக்கு எலுமிச்சம்பழமும் மண்டை ஓடும்தான் ஞாபகம் வருகிறது. கெட்டின் முதல் குரு ஓஜியன் அப்படிப்பட்டவர் இல்லை. அதிகம் பேசாதவர், மலையில் சின்ன வீட்டில் ஆடு வைத்துக்கொண்டு இருப்பவர். மற்ற மந்திரக்காரர்கள் மேகத்தை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவார்கள், இவர் மழை வந்தால் மரத்தடியில் ஒதுங்கிப் படுத்துக்கொள்வார். யோசித்துப் பார்த்து 'சித்தர்' என்று மாற்றினேன். உடனே பொருந்திவிட்டது. "மழையை நிறுத்தத் தெரியும்னா எதுக்கு நனையணும்?" என்று பாப்பா கேட்டாள். அடுத்த பத்தியில் கெட்டும் மனசுக்குள் அதையேதான் முணுமுணுக்கிறான்.

ஆனால் மெய்ப்பேர் விஷயத்தில் எந்த வம்பும் வரவில்லை. எர்த்ஸீயில் எல்லோருக்கும் இரண்டு பெயர். ஊர் கூப்பிடுகிற பெயர் ஒன்று, மெய்ப்பேர் ஒன்று. பையனை ஊரில் கூப்பிடுவது வல்லூறு என்று, வானத்துப் பறவைகள் அவன் கூப்பிட்டால் வந்து கையில் உட்காருவதால். பதின்மூன்றாவது வயதில், குளிர்ந்த ஊற்றுத் தண்ணீரைத் தாண்டி நடுங்கிக்கொண்டு கரையேறுகிறவன் காதில் ஓஜியன் சொல்கிற பெயர்தான் கெட். மெய்ப்பேர் தெரிந்தவன் கையில் உன் உயிரே இருக்கிறது, அதனால் உயிருக்கு உயிரானவர்களைத் தவிர வேறு யாருக்கும் சொல்லக் கூடாது.

இதை எந்த விளக்கமும் இல்லாமல் பாப்பா ஏற்றுக்கொண்டாள். ஏன் ஏற்க மாட்டாள்? பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு இருப்பது என் மாமியாருடைய பெயர். அந்தப் பெயரைச் சொல்லி, "சனியனே, எழுந்திரு" என்று நான் கத்த முடியுமா? ஆகவே வீட்டில் பாப்பா. இங்கேயும் பாப்பாதான், மெய்ப்பேரை எழுதுவதாக இல்லை.

எங்கள் ஆச்சி இதில் இன்னும் ஒரு படி மேல். பாளையங்கோட்டையில் கடைசிவரை தாத்தா பெயரை அவள் வாயால் நாங்கள் கேட்டதில்லை. தாத்தா பெயர் வெள்ளைச்சாமி. ஆள் அட்டக்கரி. ஆச்சிக்கு 'வெள்ளை' என்ற சொல்லே கிடையாது. வெள்ளைப்பூண்டு வெறும் பூடு. வெள்ளைச் சேலை சாயம் போடாத சேலை. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டபோது, முற்றத்துச் சுவரில் அடித்திருந்த சுண்ணாம்பைக் கையால் காட்டி, "அந்த நிறத்துச் சாமி" என்றாளாம். இந்தக் கதையைச் சொன்னதும் பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அப்போ ஆச்சி ரோக் ஸ்கூல்ல படிச்சிருப்பாங்களோ?" என்றாள்.

இடையில் ஒன்று. லெ குவினின் அப்பா ஆல்ஃப்ரெட் க்ரோபர், பெயர்பெற்ற மானிடவியலாளர். 1911-ல் கலிஃபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்கு, தன் இனத்தில் மிஞ்சிய ஒரே ஆளாக, ஒரு யாஹி மனிதர் காட்டிலிருந்து தனியாக வந்து சேர்ந்தார். தன் பெயரைத் தானே சொல்லக் கூடாது, தன் இனத்தார் வேறொருவர்தான் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சொல்வதற்கு வேறொருவர் மிச்சமில்லை. க்ரோபர் அவருக்கு 'இஷி' என்று பெயர் வைத்தார். அவர்கள் மொழியில் மனிதன் என்று பொருள். 1916-ல் தன் பெயரோடே அவர் செத்துப்போனார். அவரைப் பற்றிப் பிற்பாடு புத்தகம் எழுதியது லெ குவினின் அம்மா. இதிலிருந்துதான் எர்த்ஸீயின் பெயர் மந்திரம் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் வளர்ந்த பெண் எழுதியது இது என்று தெரிந்துகொண்டு படித்தால் சில வரிகள் வேறு மாதிரி கேட்கின்றன.

இனி திரைக்கு வருவோம்.

2004 டிசம்பரில் அமெரிக்காவின் சை-ஃபை சேனலில் 'லெஜண்ட் ஆஃப் எர்த்ஸீ' என்று இரண்டு பாகமாக வந்தது. எனக்குப் பார்க்கக் கிடைத்தது இரண்டு வருடம் கழித்து, தி.நகர் மகளிர் விடுதியில், அறைத்தோழியின் ஹார்ட் டிஸ்க்கில். ராத்திரி வேலை முடிந்து வந்து, தயிர்சாதத் தட்டோடு உட்கார்ந்தேன். கெட்டாக வருவது எக்ஸ்-மென் படங்களில் பனியாக உறைய வைக்கிற பையனாக வந்த ஷான் ஆஷ்மோர். பாவம், அவர் மேல் தப்பில்லை. ஆனால் வெள்ளை. ஓஜியனாக டேனி க்ளோவர். அவரை விட்டால் பெயர் சொல்லும்படியான பாத்திரங்களில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளை. புத்தகத்தில் உண்மையிலேயே வெள்ளையாக இருக்க வேண்டிய, இரண்டாம் புத்தகத்து நாயகி டெனார் பாத்திரத்துக்குத்தான், சீன வழித் தாய்க்குப் பிறந்த கிறிஸ்டின் க்ரூக்கைப் போட்டிருந்தார்கள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டேன். தோழி, "ஏன், ஹீரோ நல்லாத்தானே இருக்கான்?" என்றாள். அவளுக்கு எங்கிருந்து தொடங்கி எதைச் சொல்வது என்று தெரியவில்லை. "புக்ல நம்மள மாதிரி இருப்பான்" என்றேன். "சும்மா ரீல் விடாத" என்றாள்.

பெயரையும் தலைகீழாக்கியிருந்தார்கள். எல்லோரும் அவனைக் கெட், கெட் என்று தெருவில் கூப்பிடுகிறார்கள். வல்லூறுதான் ரகசியமான மெய்ப்பேராம்! நிறத்தையாவது வியாபாரக் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இது எந்தக் கணக்கு? கதையின் பூட்டும் சாவியும் பெயர். சாவியைத் தூக்கி வாசலில் மாட்டிவிட்டுப் பூட்டைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

லெ குவினும் சும்மா இருக்கவில்லை. இயக்குநர் அவருடைய நோக்கத்தையே படமாக்கியதாகப் பேசப்போக, என் வாயில் உங்கள் சொல்லைத் திணிக்காதீர்கள் என்று பதில் எழுதினார். ஸ்லேட் இதழில், தன் தீவுகளுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள் என்று ஒரு கட்டுரை. ஒப்பந்தத்தில் அவருக்கு 'ஆலோசகர்' என்று ஒரு பட்டம் மட்டும் இருந்தது. தயாரிப்பாளர் கேட்டால் ஆலோசனை, கேட்காவிட்டால் இல்லை. கேட்கவில்லை.

அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் வேறொன்றும் உறுத்திக்கொண்டே இருந்தது. சரியான நிறத்தில் ஒரு பையனைப் போட்டிருந்தாலும், நான் ஹாஸ்டல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேனே, அந்த இடம் திரையில் வந்திருக்குமா? வராது. முதல் காட்சியிலேயே முகம் தெரிந்துவிடும். எழுத்து மூன்று அத்தியாயம் வரை முகத்தை மறைத்து வைத்துக்கொள்ளலாம், கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. வாசகர் தானே ஒரு முகத்தை ஒட்டிவிட்டு, பிறகு தானே கிழித்துப்போடுகிற அந்தச் சின்ன அவமானத்தை எந்தப் படத்தாலும் தர முடியாது என்று நினைக்கிறேன். அதைத் தர முடியாதவர்கள் முகத்தையாவது ஒழுங்காகக் காட்டியிருக்கலாம்.

இரண்டாவது முயற்சி ஜப்பானில். இதன் முன்கதை படத்தைவிடச் சுவாரஸ்யம். அனிமேஷன் பட இயக்குநர் ஹயாவோ மியாசாகி எண்பதுகளின் தொடக்கத்திலேயே எர்த்ஸீயைப் படமாக்கக் கேட்டார். லெ குவினுக்கு அவர் யாரென்று தெரியாது. அனிமேஷன் என்றால் டிஸ்னி மாதிரிதானே என்று மறுத்துவிட்டார். பல வருடம் கழித்து மியாசாகியின் 'டோட்டோரோ' படத்தைப் பார்த்துவிட்டு, எடுத்தால் இவர்தான் எடுக்க வேண்டும் என்று மனம் மாறினார். 2005-ல் மியாசாகியும் தயாரிப்பாளர் சுசூகியும் போர்ட்லாந்தில் அவர் வீட்டுக்கே போய்ப் பேசினார்கள். கடைசியில் எடுத்தது மகன் கோரோ. தோட்டம் அமைக்கிற தொழிலிலிருந்து வந்தவர், அதுதான் முதல் படம். மகனுக்கு அனுபவம் போதாது என்று அப்பாவுக்குச் சம்மதமில்லை. படம் எடுத்த காலம் முழுக்க இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். நம் வீடுகளில் நடப்பதுதான்.

2006 ஜூலையில் ஜப்பானில் வந்தது. அமெரிக்காவில் அந்தச் சேனலின் உரிமைச் சிக்கலால் 2010 வரை திரைக்கு வரவில்லை. நாங்கள் பார்த்தது போன மாதம், நெட்ஃபிளிக்ஸில், சனிக்கிழமை மத்தியானம், ஒரு டப்பா தட்டையோடு. பாப்பா டோட்டோரோவைப் பத்துத் தடவை பார்த்தவள், அதனால் பெரிய எதிர்பார்ப்பு. மேகத்துக்குள் இரண்டு டிராகன்கள் சண்டை போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த சில நிமிடத்தில் இளவரசன் அரென் தன் அப்பாவைக் கத்தியால் குத்திவிடுகிறான்.

"ஏன் கொன்னான்?"

"தெரியலையே."

"புக்ல?"

"புக்ல கொல்லவே மாட்டான். அப்பாதான் அவனை அனுப்பி வைப்பாரு."

படம் முடிகிறவரை காரணம் வரவில்லை. இந்தக் கொலைக்குக் காரணமே இல்லை என்பதுதான் லெ குவினின் முக்கியமான குறைகளில் ஒன்று. இன்னொன்று, கெட்டவன் ஒருவனைச் செய்து, அவனைக் கொன்றதும் எல்லாம் சரியாகிவிடுவது. அவர் புத்தகங்களில் கெட்டது அப்படி வெளியே தனியாக நிற்காது. அது நம்மோடு நடந்துவரும். முதல் புத்தகத்தில் கெட்டைத் துரத்துகிற நிழலைப் படத்தில் எடுத்து அரெனுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் புத்தகக் கதை, நான்காம் புத்தகத்துப் பெண், முதல் புத்தகத்து நிழல். கதம்ப சாதம்.

ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? ஹார்ட் டவுன் துறைமுகத்தின் மாலை வெயில், இடிந்த சுவர்களில் பாசி. அந்த நான்காம் புத்தகத்துப் பெண் தெர்ரு புல்வெளியில் தனியாக நின்று பக்கவாத்தியமே இல்லாமல் பாடுகிற இடத்தில் பாப்பா தட்டையைக் கடிக்காமல் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெட்டுக்குக் கன்னத்தில் தழும்பு இருக்கிறது. நிறம்? லெ குவினுக்குப் பெரும்பாலோர் வெள்ளையாகத்தான் தெரிந்தார்களாம். ஜப்பானியர் கண்ணுக்கு அப்படி இல்லை என்று சொன்னார்கள், அப்படியே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார். பாப்பா திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னாள்: "சொம்பைத் தேய்ச்சுட்டாங்கம்மா."

படத்தைப் பார்த்துவிட்டு லெ குவின் கோரோவிடம், இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம் என்று சொன்னாராம். 'நல்ல படம்' என்பதை மட்டும் எடுத்துப் பேசினால் பாராட்டு. முதல் வாக்கியத்தோடு சேர்த்துப் பேசினால், மருமகள் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மாமியார் சொல்கிற சொல்.

புத்தகத்தை நேற்று முடித்தோம். முடிவைச் சொல்லப் போகிறேன், படிக்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். உலகத்தின் கிழக்கு ஓரத்துக்கே படகில் போய்விடுகிறார்கள் கெட்டும் வெட்சும். அங்கே கடல் மணலாகிவிடுகிறது. நிழல் எதிரே வருகிறது. வாள் இல்லை, மின்னல் இல்லை, மந்திரச் சண்டை இல்லை. கெட்டும் நிழலும் ஒரே நேரத்தில் ஒரு பெயரைச் சொல்கிறார்கள். நான் அந்த வரிக்கு வருவதற்குள் பாப்பா முந்திக்கொண்டாள். "அதோட பேரும் கெட்தானே?" மூன்று நாளாகவே தெரியுமாம். "அதுக்குப் பேரே இல்லைன்னு பெரியவங்க சொன்னாங்க, அந்தக் கல்லுக் கோட்டைக்குப் போற வழியில மட்டும் அது இவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு. இவன் சொல்லாத பேரு அதுக்கு எப்படித் தெரியும்?" எனக்கு முதல் தடவை படித்தபோது அந்த இடம் பிடிபடவில்லை. இருபது வயது அப்போது எனக்கு.

அட்டையில்லாத புத்தகத்தை அவளே வாங்கி, உதிர்ந்த கடைசித் தாளை உள்ளே செருகி, அலமாரியில் வைத்தாள். அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து படுத்தாள். 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்'. இதற்கு அட்டை இருக்கிறது, ஆனால் பழுப்புக் காகிதம் சுற்றி வைத்திருக்கிறேன்.

"இதுல யாரு மெயின்?"

"டெனார். ஒரு பொண்ணு. அஞ்சு வயசுல கோயிலுக்குன்னு தூக்கிட்டுப் போயிடுவாங்க. இருக்கற பேரையும் பிடுங்கிடுவாங்க."

"என்ன கலர்?"

"வெள்ளை. கார்க் நாட்டுக்காரி."

கொஞ்ச நேரம் யோசித்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"பரவால்ல. படி."